படுத்தால் வீடே சுற்றுகிறதா? மாத்திரைக்கு முன்னால் ஒரு நிமிடம்

கொஞ்சம் நீளமான பதிவு உறவுகளே. வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மாமியாருக்கோ "தலைசுத்து" இருந்தால் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் படியுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஓபி.

திங்கட்கிழமை என்றால் எங்கள் மருத்துவமனையில் வரிசை வாசல் வேப்பமரம் வரை நிற்கும். ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிசு.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஓபி சீட்டை நீட்டினார்.

"அதே தலைசுத்து மாத்திரைதான் சார். எழுதிக் குடுத்துருங்க, போயிடுறேன்."

சீட்டை வாங்கும்போதுதான் கவனித்தேன். அவர் கையில் அந்தச் சீட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது.

"எவ்ளோ நாளாம்மா இந்த நடுக்கம்?"

"அது ஒரு நாலஞ்சு மாசமா இருக்கு சார். வயசாயிடுச்சுல்ல."

"நைட்டு தூக்கம் எப்படி?"

"படுத்தாத்தான சார் தூங்குறதுக்கு? செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் கண்ண மூடுவேன். படுத்தா வீடே சுத்துது."

மஞ்சப்பையில் பழைய சீட்டுகளைக் கட்டி வைத்திருந்தார். வாங்கிப் புரட்டினேன். ஒன்றரை வருடமாகச் சின்னரிசின் மாத்திரை. விட்டு விட்டு இல்லை, தொடர்ந்து.

அதில் இரண்டு சீட்டில் இருந்த கையெழுத்து என்னுடையது.

நானும் அவரைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. பிபி பார்த்திருக்கிறேன், நார்மல். மாத்திரை எழுதியிருக்கிறேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தேன்.

"எப்போ சுத்துது? தலையை அசைக்காம வெச்சா ஒரு நிமிஷத்துல நிக்குதா?"

அவ்வளவுதான் கேள்வி.

நம் ஊரில் "தலைசுத்து" என்ற ஒரே வார்த்தைக்குள் மூணு நாலு விஷயம் இருக்கிறது. எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதும் தலைசுத்துதான். அது ரத்தசோகை, பிபி இறங்குவது, சுகர் இறங்குவது, நேரத்துக்குச் சாப்பிடாதது என்று போகும். நடக்கும்போது தள்ளாடுவதும் தலைசுத்துதான். மூன்றாவதுதான் நிஜமாகவே சுற்றுவது. ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி வீடு, மின்விசிறி, சுவர் எல்லாம் சுழலும்.

இந்த மூன்றாவது வகை, கட்டிலில் புரளும்போது, படுக்கும்போது, எழும்போது, பரணில் இருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்து பார்க்கும்போது, கோலம் போடக் குனியும்போது மட்டும் வருகிறதா? தலையை அசைக்காமல் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதா? காது வழக்கம்போலக் கேட்கிறதா?

அப்படியென்றால் பெரும்பாலும் அது பிபிபிவி. பெயர் பயமுறுத்தினாலும் ஆபத்தில்லாத நோய். தலையின் நிலை மாறினால் வரும், கொஞ்ச நேரத்தில் போகும், ஆளைக் கொல்லாது. ஆனால் கீழே தள்ளும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு வருகிற பெரியவர்களை நாங்கள் பார்க்கிறோம். அதனால் "ஆபத்தில்லாதது" என்று சும்மா விடவும் முடியாது.

காதுக்குள் என்னதான் நடக்கிறது?

காது கேட்பதற்கு மட்டும் இல்லை. உள்காதில் நம் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதி இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குட்டிக் குட்டிக் கற்கள் ஒரு பசை மேல் ஒட்டியிருக்கும். முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். பஸ் பிரேக் போடுவதும், லிஃப்ட் மேலே போவதும் கண்ணை மூடியிருந்தாலும் நமக்குத் தெரிகிறது அல்லவா? அதைச் சொல்வது இந்தக் கற்கள்தான்.

அதற்குப் பக்கத்திலேயே அரைவட்டமாக மூன்று குழாய்கள். உள்ளே திரவம். தலை திரும்புவதை மூளைக்குச் சொல்வது இவற்றின் வேலை.

வயதானாலோ, தலையில் அடிபட்டாலோ, சில சமயம் எந்தக் காரணமும் இல்லாமலோ, கல் தன் இடத்தை விட்டுப் பிரிந்து குழாய்க்குள் போய்விடுகிறது. பெரும்பாலும் பின்பக்கக் குழாய்க்குள். நீங்கள் புரண்டு படுக்கும்போது அந்தக் கல் உருள்கிறது, திரவத்தையும் இழுக்கிறது. தலை நின்ற பிறகும் "இன்னும் சுத்துறோம்" என்று மூளைக்குத் தவறான செய்தி போகிறது. கல் உருண்டு நின்றதும் சுற்றலும் நிற்கிறது. அதனால்தான் அந்த ஒரு நிமிடக் கணக்கு.

திருவிழாக் கடையில் ஒரு விளையாட்டுச் சாமான் விற்பார்கள். மேலே கண்ணாடி மூடியிருக்கும், உள்ளே சின்ன பால்ரஸ் குண்டு. டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துத்தான் குண்டைக் குழிக்குள் விழ வைக்க வேண்டும். கையை விட்டு எடுக்க வழியில்லை.

இங்கேயும் அதே கதைதான். தலையைச் சரியான வரிசையில் சாய்த்தால் கல் தன் அறைக்குத் திரும்பும். எந்த மாத்திரையும் கல்லை நகர்த்தாது.

அப்ப மாத்திரை எதுக்கு? வாந்தியும் சுற்றலும் தாங்க முடியாத முதல் இரண்டு மூன்று நாளுக்கு அந்த உணர்வை மட்டுப்படுத்த உதவும். அதுக்கு மேல் ஓட்டினால் தூக்கக் கலக்கம், அதனால் வரும் தள்ளாட்டம். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகளைப் பெரியவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் மாதிரியே கைநடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். அந்த அம்மாவின் சீட்டு நடுங்கியதற்குக் காரணம் வயசு இல்லை. நாங்கள் எழுதிக்கொடுத்த மாத்திரை.

இன்னும் இரண்டு நம்பிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். "பித்தம் தலைக்கு ஏறிடுச்சு" என்று எலுமிச்சம் சாறு, இஞ்சிச் சாறு குடிப்பது. குடியுங்கள், குமட்டலுக்கு இதமாக இருக்கும். கல் நகராது. அடுத்தது "கழுத்து எலும்பு தேய்மானம்". ஐம்பது வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்குக் கழுத்து எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதைக் காட்டிக் கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சுற்றுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இருப்பது இந்தக் கல்தான்.

இது ஏதோ புது வைத்தியம் என்று நினைக்காதீர்கள். சமநிலை உறுப்பைப் பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் ராபர்ட் பாரானி. இந்த வகைச் சுற்றலை அவர் 1921லேயே விவரித்துவிட்டார். படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையை லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952ல் எழுதினார்கள். இன்றும் அவர்கள் பெயரில்தான் அந்தப் பரிசோதனை.

தலையைச் சாய்த்தே கல்லை வெளியேற்றலாம் என்று 1980ல் சொன்னவர் அமெரிக்காவின் ஜான் எப்ளி. தலையை உருட்டினால் நோய் போகுமா என்று அவர் துறைக்காரர்களே நம்பவில்லை. கட்டுரை ஒரு மருத்துவ இதழில் அச்சாக 1992 ஆகிவிட்டது. இன்று உலகம் முழுக்க இதற்கு முதல் சிகிச்சை அவருடைய முறைதான். சரியாகச் செய்தால் பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே பலன் தெரியும்.

உடற்பயிற்சியைச் சொல்வதற்கு முன்னால் இன்னொருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தயவுசெய்து இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஐம்பது வயசுக்காரர். சுகர், பிபி இரண்டும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் நிற்கும்போது திடீரென்று சுற்றல், வாந்தி. வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். மகன் படித்த பையன். மொபைலில் வீடியோ பார்த்து, நான் கீழே சொல்லப்போகும் இதே பயிற்சியை அப்பாவுக்கு நாலு முறை செய்ய வைத்திருக்கிறான். கேட்கவில்லை. "தூங்குனா சரியாயிடும்" என்று விட்டிருக்கிறார்கள்.

எங்களிடம் வரும்போது சாயங்காலம் ஐந்து மணி. தலையை அசைக்காமல் படுத்திருந்தாலும் சுற்றல் நிற்கவில்லை. பிடிக்காமல் உட்கார முடியவில்லை. மூக்கைத் தொடச் சொன்னால் இடது கை மூக்கைத் தாண்டிப் போகிறது.

அது காதுக் கல் இல்லை. சிறுமூளையில் பக்கவாதம்.

108ல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தார். ஆனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடங்கிய நேரத்தில் இருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் வீட்டுக் கட்டிலிலேயே போய்விட்டது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

அந்தப் பையன் மேல் தப்பு சொல்லமாட்டேன். பயிற்சியைக் காட்டிய வீடியோ, அதை யார் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனை:

* தலையை அசைக்காமல் இருந்தும் சுற்றல் நிற்காமல் மணிக்கணக்கில் தொடர்வது
* பேச்சு குழறுவது, முகம் கோணுவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது
* ஒரு பக்கக் கை கால் பலவீனம், மரத்துப்போவது
* பிடிமானம் இல்லாமல் நிற்கவோ நடக்கவோ முடியாதது
* இதுவரை வராத அளவு கடுமையான தலைவலி, கழுத்து வலி
* திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது
* நெஞ்சுவலி, படபடப்பு, நினைவு தப்பி விழுவது

இன்னொன்று. சிறுமூளைப் பக்கவாதத்தில் முதல் நாள் சிடி ஸ்கேன் நார்மல் என்று வரலாம். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னாங்க" என்று கிளம்பி வந்துவிடாதீர்கள். டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள்.

கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கழுத்து எலும்பு பிரச்சினையால் கை மரத்துப்போகிறவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள், சமீபத்தில் விழித்திரைக்குச் சிகிச்சை எடுத்தவர்கள், மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறவர்கள், கர்ப்பிணிகள்: டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மற்றவர்களும் முதல் தடவை ஒரு டாக்டரிடம் காட்டி, இதுதான் என்று உறுதி செய்துகொள்வது நல்லது. அதற்குப் பிறகு வீட்டிலேயே செய்யலாம்.

இப்போ பயிற்சி.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். வாந்திக்கு ஒரு வாளி. கட்டில்தான் வேண்டுமென்று இல்லை, தரையில் பாய் விரித்தும் செய்யலாம்.

முதலில் எந்தக் காது என்று பார்க்க வேண்டும். காலை நீட்டி உட்காருங்கள். தலையை வலது பக்கம் பாதி திருப்புங்கள், அதாவது நேர்ப்பார்வைக்கும் தோளுக்கும் நடுவில், 45 டிகிரி. அப்படியே மல்லாக்கப் படுங்கள். சில நொடி கழித்துத்தான் சுற்ற ஆரம்பிக்கும், அதனால் அரை நிமிடம் பொறுங்கள். சுற்றினால் வலது காது. எழுந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு இடது பக்கமும் பாருங்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தக் காது.

வலது காது என்றால் எப்ளி முறை இப்படி:

1. காலை நீட்டி உட்காருங்கள். பின்னால் ஒரு தலையணை. படுக்கும்போது அது தோளுக்கு அடியில் வர வேண்டும், தலைக்கு அடியில் இல்லை. தலையை வலது பக்கம் 45 டிகிரி திருப்புங்கள்.

2. தலையை அப்படியே வைத்துக்கொண்டு சட்டென்று மல்லாக்கப் படுங்கள். தலை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். சுற்றும். கண்ணைத் திறந்தே வையுங்கள். சுற்றல் நின்ற பிறகும் 30 நொடி அப்படியே இருங்கள்.

3. தலையைத் தூக்காமல் மெதுவாக இடது பக்கம் திருப்புங்கள், மொத்தம் 90 டிகிரி. இப்போது தலை இடது பக்கம் பாதி திரும்பியிருக்கும். 30 நொடி.

4. உடம்போடு சேர்த்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலையும் கூடவே இன்னும் 90 டிகிரி திரும்பட்டும். மூக்கு தரையைப் பார்க்க வேண்டும். 30 நொடி.

5. தாடையை நெஞ்சுப் பக்கம் வைத்தபடி, இடது பக்கமாகவே மெதுவாக எழுந்து உட்காருங்கள். சில நிமிடம் அசையாமல் இருங்கள். உடனே நடக்காதீர்கள்.

இடது காது என்றால் இதே வரிசையில் வலதுக்கு இடது, இடதுக்கு வலது.

நடுவில் சுற்றினால் பயந்து எழுந்துவிடாதீர்கள். கல் நகர்கிறது என்று அர்த்தம். பாதியில் எழுந்தால்தான் அது பழைய இடத்துக்கே உருண்டுவிடும். ஆனால் மேலே சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது புதிதாக வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று முறை, 24 மணி நேரம் சுற்றலே இல்லாமல் இருக்கும் வரை செய்யலாம். பயிற்சி முடிந்து இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வோம். இப்போது அது தேவையில்லை, வழக்கம்போலப் படுக்கலாம்.

எந்தக் காது என்று தெரியவில்லையா? இன்னொரு எளிய பயிற்சி, பெயர் பிராண்ட் டாரோஃப். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள். தலையை இடது பக்கம் பாதி திருப்பி, வலது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். முகம் மேலே கூரையைப் பார்த்த மாதிரி இருக்கும். 30 நொடி. எழுந்து 30 நொடி உட்காருங்கள். பிறகு தலையை வலது பக்கம் திருப்பி இடது பக்கம் சாயுங்கள். இது ஒரு சுற்று. ஐந்து சுற்று, தினமும் மூன்று வேளை, இரண்டு வாரம். எப்ளி அளவுக்கு வேகமாகக் கேட்காது, ஆனால் தனியாகப் பழக எளிது.

ஒரு வாரத்தில் குறையவில்லை, அல்லது இரண்டு பக்கமும் புரண்டாலும் பலமாகச் சுற்றுகிறது என்றால் கல் வேறு குழாயில் இருக்கலாம். அதற்கு வேறு விதமான உருட்டல் இருக்கிறது. அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள்.

சரியாகும் வரை வண்டி ஓட்டாதீர்கள், ஏணி ஏறாதீர்கள். ராத்திரி பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். அடிக்கடி திரும்ப வருகிறது என்றால் வைட்டமின் டி அளவைப் பாருங்கள். குறைவாக இருந்து அதைச் சரி செய்தால் திரும்ப வருவது குறைகிறது.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள்.

அன்றைக்கே பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். "சார் சார் சார்" என்று என் கையை அப்படிப் பிடித்தார். கண் இரண்டும் துள்ளியது. இருபது நொடி. நின்றது. டிக்ஸும் ஹால்பைக்கும் 1952ல் எழுதி வைத்தது அப்படியே என் முன்னால். பரிசோதிக்க ஒரு ரூபாய் செலவில்லை, எந்தக் கருவியும் இல்லை. ஒரு கட்டிலும் ஐந்து நிமிடமும் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒன்றரை வருடமாக நாங்கள் யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு முறை எப்ளி செய்தேன். வெளியே வரிசை முணுமுணுத்தது. நான் காது மூக்கு தொண்டை நிபுணர் இல்லை, வெறும் எம்பிபிஎஸ். இதற்கு நிபுணர் ஆக வேண்டிய அவசியமும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மருமகளைக் கூட்டி வரச் சொல்லிப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை சீட்டு போடாமலே வந்து கதவருகே நின்றார்.

"கால நீட்டிப் படுத்துத் தூங்குனேன் தம்பி."

சாராக இருந்த நான் அன்றைக்குத் தம்பி ஆனேன்.

நடுக்கம் உடனே போகவில்லை. முழுசாகக் குறைய நாலு மாதம் ஆனது. ஒவ்வொரு தடவை அவர் சீட்டை நீட்டும்போதும் நான் முதலில் பார்த்தது அவர் கையைத்தான். எட்டு மாதம் கழித்துச் சுற்றல் திரும்ப வந்திருக்கிறது. இது திரும்ப வரக்கூடியதுதான். மருமகள் பிடித்துக்கொள்ள வீட்டுப் பாயிலேயே செய்து சரியாகிவிட்டது. எங்களிடம் வரவே இல்லை. பிபி மாத்திரை வாங்க வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "இது இன்னும் வேணுமா? ஒரு தடவை படுக்க வெச்சுப் பாக்குறீங்களா?" என்று கேளுங்கள். கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் இதையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "ராத்திரி படுத்துத்தான தூங்குறீங்க?"

"இல்லப்பா, சாஞ்சுதான்" என்று பதில் வந்தால் "ஏன்" என்று கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். வயசாயிடுச்சு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள், டியூட்டி முடிந்து பதில் போடுகிறேன்.